கோவளத்துக் கிணறும் அரசு மானியமும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் சாலையோரம் உப்பளங்கள் வருகின்றன. பிறகு முட்டுக்காட்டுக் கழியின் உப்புநீர். அதையும் கடந்தால் சவுக்கும் தென்னையும் நிற்கிற மணல்மேடு, அதற்கப்பால் வங்கக்கடல். மேற்கே உப்புநீர், கிழக்கே உப்புநீர், இடையில் ஒரு மணல்திட்டு. இந்த மணலில் கிணறு தோண்டினால் என்ன கிடைக்கும்? வாயில் விட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நல்ல தண்ணீர்!

ஆண்டுதோறும் என்னுடைய பட்டப்படிப்பு மாணவர்களை இங்கே அழைத்து வருவது வழக்கம். திரவங்களின் அடர்த்தியைக் கரும்பலகையில் நடத்துவதைவிடக் கிணற்றங்கரையில் நடத்துவது எளிது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறிக் கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. வேறுபாடு நூற்றில் இரண்டரைப் பங்குதான். அந்த இரண்டரைப் பங்குதான் இவ்வூர்க் கிணறுகளைக் காப்பாற்றி வருகிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் எடையைத் தாங்குவதற்குக் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் பரவியிருக்க வேண்டும். 1-ஐ 0.025-ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபன் என்பவரும், சில ஆண்டுகள் கழித்து ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் நெஞ்சு பகீரென்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் உப்புநீரின் எல்லை 40 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். "கிணற்றில் ஒரு முழம் இறங்கிவிட்டது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அடியாழத்தில் அது 18 மீட்டர். உண்மையில் மணல் அவ்வளவு ஆழம் போவதில்லை, பல இடங்களில் பாறை தட்டிவிடும். எல்லை நகர்வதற்கும் காலம் பிடிக்கும். எனினும் நகரும் திசை மாறாது. திருவான்மியூர் தொடங்கித் தெற்கே நீளும் இந்த மணற்கரை சென்னை மாநகரத்துக்கே குடிநீர் கொடுத்தது. அளவின்றி இறைத்ததால் 1987-இல் சென்னைப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று.

இப்படி ஒருமுறை கிணற்றங்கரையில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். "சார், சூரிய பம்பு வெச்சா அரசாங்கமே பாதிக்கு மேல பணம் குடுக்குதாமே. வாங்கலாமா?" என்று கேட்டார். என் மாணவன் ஒருவன் முந்திக்கொண்டு, "வாங்குங்க ஐயா. புகை கிடையாது, சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லது" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் கேட்ட மாணவனே அப்படிச் சொன்னது எனக்கு உறுத்தலாக இருந்தது. சூழலுக்கு உகந்த வேளாண்மைக்கு நம் அரசுகள் தரும் பண உதவி எப்படிப்பட்டது, எங்கே பயன்படுகிறது, எங்கே தடம் மாறுகிறது என்று அன்றைக்குத் தொடங்கிய யோசனைதான் இக்கட்டுரை. நான் வேளாண் விஞ்ஞானி அல்லன். இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த அளவுகோல்களால் அளந்து பார்க்கிறேன்.

முதலில் பெரியவர் கேட்ட பம்பு. மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ், மாநில அரசின் பங்கும் சேர்ந்து, தமிழ்நாட்டில் சூரிய பம்பின் விலையில் 60 விழுக்காடும், சில பிரிவினருக்கு அதற்கு மேலும் மானியமாகக் கிடைக்கிறது. டீசல் எந்திரத்தை ஒழிக்கிறது என்ற அளவில் இது நல்ல காரியமே. மறுப்பதற்கில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. 5 குதிரைத்திறன் பம்பு என்பது 3.7 கிலோவாட். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 5 மணி நேரம் முழுத் திறனில் ஓடுவதாகக் கொள்வோம், 18.5 யூனிட் ஆற்றல். அதில் 40 விழுக்காடுதான் தண்ணீரைத் தூக்கும் வேலையாக மாறுகிறது என்று தாராளமாகவே குறைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரைத் தூக்க 98 கிலோஜூல் போதும். வகுத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர்! ஓர் ஏக்கர் நிலத்தில் இதைப் பரப்பினால் ஆறேமுக்கால் சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்குப் பேர்போன நெற்பயிருக்கே ஒரு நாளைக்குத் தேவை 1 சென்டிமீட்டர் அளவில்தான். கீரைக்கு அதிலும் குறைவு.

மிச்சம் என்னாகும்? டீசல் எந்திரமாக இருந்தால் உழவர் அணைத்துவிடுவார். ஒவ்வொரு மணிக்கும் காசு கரைகிறதே! சூரிய பம்பில் கூடுதலாக ஒரு மணி ஓட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கம்பி வழியே வரும் மின்சாரமும் தமிழ்நாட்டில் பாசனத்துக்குப் பல்லாண்டுகளாக இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் மீட்டரும் இல்லை. ஆக, பம்பை நிறுத்தச் சொல்லும் எந்தச் சக்தியும் உழவரின் தோட்டத்தில் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு விற்கலாம், சவுக்கை எடுத்துவிட்டு அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிர் வைக்கலாம், வாய்க்காலில் வழிய விடலாம். காற்றில் கரியமிலவாயு குறைந்தது உண்மை. கோவளத்து மணலுக்கடியில் உப்பின் எல்லை ஏறியதும் உண்மைதான்.

திட்டம் வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நிலத்தடி நீர் வற்றிய வட்டாரங்களில் தனித்து நிற்கும் புதிய பம்புகள் கூடாது, பழைய டீசல் எந்திரத்தை மாற்றுவதானாலும் நுண்ணீர்ப் பாசனத்தோடுதான் மாற்ற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பம்பு ஓடுவதைத் தொலைவிலிருந்தே கண்காணிக்கும் கருவியும் பொருத்தச் சொல்கிறார்கள். நல்ல விதிகள். ஆனால் மானியம் எப்போது கைக்கு வருகிறது? பம்பு வாங்கும்போது. அந்தக் கருவி அதன்பின் ஆண்டுக்கணக்காக எத்தனை எண்களைச் சேகரித்தாலும், குறைவாக இறைத்தவருக்கு அதனால் ஒரு ரூபாய் கூடுதலாக வரப்போவதில்லை. அதிகமாக இறைத்தவருக்கு ஒரு ரூபாய் குறையப்போவதும் இல்லை. அரசின் பணம் பொருளை வாங்குகிறது. விளைவை அது வாங்குவதில்லை. என்னுடைய குறை இதுதான். மற்றத் திட்டங்களைப் பார்க்கும்போதும் இதையே திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

விளைவுக்குப் பணம் கொடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு சிற்றூர். அங்கே 2016-இல் 6 உழவர்கள் சேர்ந்து சூரிய பம்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அவர்களுடைய பலகைகள் மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்பட்டன. பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து பம்பைத் தேவைக்கு மேல் ஓட்டுவது வருமானத்தை இழப்பதாயிற்று. பயிர் விளைகிற அதே நிலத்தில் மின்சாரமும் ஒரு விளைச்சல்! பஞ்சாபில் 2018-இல் தொடங்கிய ஒரு திட்டம் இன்னும் எளிமையானது. இலவச மின்சாரத்தில் உழவருக்கு ஒரு பங்கு அளவு வகுத்துவிட்டு, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் போடுகிறார்கள். இலவசத்தைப் பறிக்கவில்லை; மீட்டர் வைத்தார்கள், மிச்சத்துக்கு விலை வைத்தார்கள். பி.எம். குசும் திட்டத்திலேயே மூன்றாம் பகுதி, கம்பியோடு இணைந்த பம்புகளுக்குச் சூரியப் பலகை வைத்து மிஞ்சியதை விற்க வழி செய்கிறது. கோவளம் போன்ற கடற்கரை ஊருக்குப் பொருந்துவது அந்தப் பகுதிதான் என்பது என் எண்ணம். பெரியவர் கேட்டது முதலில் வந்த தனிப் பம்பைப் பற்றி.

சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்க்கு முழு மானியமும் மற்றவர்க்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. குழாய் நல்ல குழாய். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் சேர்த்து நட்டுவிட்டால், கிணற்றுக்கு என்ன மிச்சம்? அதை அளப்பார் இல்லை.

அடுத்தது உரம். இங்கே சற்று நிதானமாக நிற்போம்; ஏனென்றால் பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுவேதான். ஆனால் பயிரால் அதை அப்படியே எடுக்க முடியாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. அதை அவிழ்த்து அம்மோனியாவாக்க ஹேபர் கண்ட வழியில் 400 முதல் 500 பாகை செல்சியசு வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். அதற்கான ஹைட்ரஜனும் எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ வரவேண்டும். சென்னைக்கு வடக்கே மணலியில் 1971 முதல் இயங்கி வரும் உரத் தொழிற்சாலை நெடுங்காலம் நாப்தாவிலும், 2019 முதல் இயற்கை வாயுவிலும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

1 டன் யூரியா செய்ய ஏறத்தாழ 60 லட்சம் கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. கடையில் நாம் காணும் மூட்டை 45 கிலோ. அதனுள் அடங்கிய ஆற்றல் 2 லட்சத்து 70 ஆயிரம் கிலோகலோரி. உங்கள் சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரை எரித்தால் கிடைப்பது ஏறத்தாழ 1 லட்சத்து 56 ஆயிரம் கிலோகலோரி. ஆக, ஒரு மூட்டை யூரியா என்பது ஒன்றேமுக்கால் சிலிண்டர். சிலிண்டர் ஒன்று 800 ரூபாய்க்கு மேல் விற்கிறது. யூரியா மூட்டையின் விலையோ வரியெல்லாம் சேர்த்து ரூ. 266.50! தொழிற்சாலைக்குக் கிடைக்கும் வாயுவின் விலையும் அடுப்படி விலையும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். என்றாலும் அளவு புரிகிறதல்லவா? நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது அரசின் மானியம்.

வயலில் இட்ட யூரியாவிலிருந்து நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு. மற்றது அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, நைட்ரேட்டாகத் தண்ணீரில் கரைந்து இறங்குகிறது, சிறு பகுதி நைட்ரசு ஆக்சைடாக மாறுகிறது. கடைசியாகச் சொன்ன வாயு, எடைக்கு எடை பார்த்தால், கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஒன்றேமுக்கால் சிலிண்டரில் ஒரு சிலிண்டர் யாருக்கும் பயனின்றிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். களிமண் நிலமாவது கொஞ்சம் பிடித்து வைக்கும். கோவளத்து மணல் எதையும் பிடித்து வைக்காது. நைட்ரேட்டு எதிர் மின்னூட்டம் கொண்டது. மண்ணில் பிடிமானம் இல்லாமல் மழையோடு நேரே அந்த நன்னீர் வில்லைக்குள் இறங்கிவிடும்.

இது வெறும் அச்சமல்ல என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கேயும் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் துளைகளில் கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்தான் குடிநீரும் பாசன நீரும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிட்டு, பல்லாண்டுகள் யூரியா இட்டு, தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டு, உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லையான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க உதவாத தண்ணீர் அது. நம் கடற்கரை மணலுக்கும் அந்தச் சுண்ணாம்புக்கும் வேறுபாடு உண்டு. தண்ணீர் மிதக்கும் இயற்பியல் ஒன்றே.

அப்படியானால் யூரியாவை நிறுத்திவிடலாமே என்று அவசரப்பட வேண்டாம். அதே இலங்கையில் 2021-ஆம் ஆண்டு செயற்கை உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தார்கள். மாற்று உரம் தயாராக இல்லை, பழக்கமும் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன; அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்க நேர்ந்தது. மண் ஒரு பருவத்தில் மாறாது. அதை நம்பி வாழும் குடும்பமோ ஒரு பருவத்தை இழந்தாலே கடனில் விழுந்துவிடும்.

மாற்று என்ன? வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர். மணலித் தொழிற்சாலை கொதிக்கும் வெப்பத்தில் செய்யும் வேலையை, ரைசோபியம் நம் உடம்புச் சூட்டுக்கும் குறைவான மண்ணில், வெயிலின் ஆற்றலைக் கொண்டே செய்துவிடுகிறது. தக்கைப்பூண்டை விதைத்து, 45 அல்லது 50 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுதால், ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ தழைச்சத்து மண்ணுக்குக் கிடைக்கும். நம் பாட்டன்மார் அறிந்த வழி. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தது. அதில் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாளுரம் விதைக்க 20 கோடி ரூபாய்; ஏக்கருக்கு 1,000 ரூபாய். பாராட்டத்தக்க தொடக்கம், ஐயமில்லை.

ஆனால் உழவரின் இடத்தில் நின்று ஒரு கணக்குப் போடுவோம். 45 கிலோ யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. தக்கைப்பூண்டு தரும் 25 முதல் 30 கிலோவை அவர் கடையில் வாங்க நினைத்தால், ஒன்றேகால் முதல் ஒன்றரை மூட்டை. 320 முதல் 390 ரூபாய் வரை. இந்த 400 ரூபாய்ச் சரக்கை நிலத்திலேயே விளைவிக்க அவர் விதைக்க வேண்டும், ஒன்றரை மாதம் தண்ணீர் விட வேண்டும், மடக்கி உழ டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும். அதற்காக அரசு 1,000 ரூபாய் கொடுத்து வேண்டிக்கொள்கிறது. யாரிடமிருந்து போட்டி? அதே அரசின் மானியம் பெற்ற மூட்டையிடமிருந்து! ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டு மறு கையால் விடச் சொல்வது போலிருக்கிறது. மக்கிய தழை மண்ணின் பதத்தைக் கூட்டுகிறது, ஈரத்தைப் பிடிக்கிறது, மணலுக்கும் கொஞ்சம் பிடிமானம் தருகிறது. இவற்றுக்கெல்லாம் கடையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

நாடு முழுவதற்கும் இதே கணக்கைப் பெருக்கிப் பாருங்கள். மத்திய அரசின் உர மானியம் 2024-25-இல் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய். நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர். சராசரியாக ஹெக்டேருக்கு 12,000 ரூபாய். ஏக்கருக்கு 4,900 ரூபாய். (சராசரி என்பது ஏமாற்றும் எண், ஆற்றுப் பாசன நஞ்சைக்கு இதைவிட அதிகமும், மானாவாரிப் புஞ்சைக்கு மிகக் குறைவும் போய்ச் சேரும்.) இப்போது மறுதட்டு. 2015-இல் தொடங்கிய பரம்பரகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற அங்கக வேளாண்மைத் திட்டத்தில், ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்குமாக ஒதுக்குவது 31,500 ரூபாய். பயிற்சி, சான்றிதழ், விற்பனை ஏற்பாடு போக உழவர் கணக்குக்கு இடுபொருளுக்காக வருவது 15,000 ரூபாய். ஆண்டுக்கு ஏக்கருக்கு 2,000 ரூபாய். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம், 2,481 கோடி ரூபாய்த் திட்டம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் தருகிறது; ஒருவருக்கு ஓர் ஏக்கர் வரை, 2 ஆண்டுகளுக்கு மட்டும்.

4,900-க்கு எதிரே 2,000 அல்லது 4,000. அதாவது, யூரியாவைக் கைவிடும் உழவர், தம் நிலத்துக்குச் சேர வேண்டிய பெரிய உதவியை விட்டுக்கொடுத்துச் சிறிய உதவியைப் பெறுகிறார். அவர் நாட்டுக்கு மிச்சப்படுத்திய பணம் அவருக்கு வருவதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் 2023 ஜூனில் பி.எம். பிரணாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாநிலம் செயற்கை உரத்தைக் குறைத்தால், மிச்சமான மானியத்தில் பாதி மாநிலத்துக்கு. எண்ணம் மிகச் சரி. நான் தேடிக்கொண்டிருந்த, விளைவுக்குப் பணம் தரும் முறையேதான். ஆனால் குறைத்தவர் உழவர், பெறுபவர் மாநில அரசு. மூட்டை வாங்காமல் கடையைக் கடந்து போன அந்த மனிதருக்கு அதில் எத்தனை காசு?

கால அளவிலும் ஒரு கோணல் இருக்கிறது. செயற்கை உரத்தை விட்ட முதல் இரண்டு, மூன்று பருவங்களில் விளைச்சல் பெரும்பாலும் இறங்கும். சான்றிதழ் கைக்கு வராததால் அங்கக விலையும் கிடைக்காது. மிகவும் இக்கட்டான அந்தக் காலத்துக்குத் தொகை மெல்லியதாகப் பிரித்துத் தரப்படுகிறது. மண் தேறிவரும் நேரத்தில் திட்டக்காலம் முடிந்துவிடுகிறது. பிறகு அவர் பழைய மூட்டைக்கே திரும்பினாலும் கேட்பாரில்லை, திரும்பாமல் நின்றாலும் கேட்பாரில்லை. ஆந்திரத்தில் 2016 முதல் நடந்துவரும் இயற்கை வேளாண் முயற்சியில் பணத்தின் பெரும்பகுதியை இடுபொருளுக்குப் போடாமல், தாமே செய்து தேறிய உழவர்களை மற்ற உழவர்களுக்குப் பயிற்றுநராக வைப்பதிலும், மகளிர் குழுக்களிலும் போட்டிருக்கிறார்கள். பை தீர்ந்துவிடும், பக்கத்து வயல்காரர் தீர்ந்துபோக மாட்டார்.

சரி, விளைவை அளந்து பணம் கொடுப்போம் என்றால் எதை அளப்பது? இங்கே என் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலரும் சொல்வது மண்ணின் அங்ககக் கரிமம். 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் அளக்கப்படும் 12 குணங்களில் அதுவும் ஒன்று. அளக்கும் ஆய்வகங்களும் உள்ளன. ஆனால் கரிமம் ஆமை நடையில் மாறும் ஒன்று. ஒரே வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் எடுத்த மண்ணுக்கிடையே உள்ள வேறுபாடு, ஓர் ஆண்டில் ஏற்படும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும். அளவீட்டின் பிழை, அளக்க வந்ததையே விழுங்கிவிடும். முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் திருகளவியைப் பிடித்த எந்த மாணவரும் இதைச் சொல்வார். 5 ஆண்டுக்கு ஒருமுறை, பல இடங்களில் எடுத்துக் கலந்த மண்ணில் அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதுவரை உழவர் காத்திருக்க முடியாது. ஆகவே உடனே அளக்கக்கூடியவற்றில் தொடங்கலாம். வாங்கிய மூட்டைகளின் எண்ணிக்கை: இதை உரக்கடையில் இருக்கும் விற்பனைக் கருவியே ஆதார் எண்ணோடு பதிந்து வைக்கிறது. ஓடிய யூனிட்: மீட்டர் சொல்லும். கிணற்றின் நீர்மட்டம்: ஒரு கயிறு சொல்லும். தண்ணீரின் உப்பு: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற மின்கடத்துமானி சொல்லும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, "சென்ற ஆண்டைவிட உன் கிணறு நன்றாக இருக்கிறது, இந்தா பணம்" என்று ஒரு ஊராட்சிக்கே கொடுக்கலாம். கிணறுகள் மணலுக்கடியில் ஒன்றோடொன்று உறவு கொண்டவை, தனித்தனியே பிரிக்க முடியாது.

பெரியவருக்கு வருவோம். அடுத்த முறை போனபோது இதையெல்லாம் அவரிடம் சுருக்கிச் சொன்னேன். கம்பியோடு சேர்ந்த பம்பானால் நல்லது, கீரைக்கு முன் ஒரு போகம் தக்கைப்பூண்டு போடலாம், பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து அங்ககக் குழுவாகப் பதியலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டு, "எல்லாம் சரிதான் சார். நெலம் என்னுது இல்லியே" என்றார்.

குத்தகை நிலம். உரிமையாளர் நகரத்தில் இருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மனைவிலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, வேலி போட்ட நிலம் சும்மா கிடக்க வேண்டாமே என்று வாய்ப்பேச்சில் விட்டிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மானியம் கேட்டுப் போனால் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பெரியவர் பெயரில் எந்தத் தாளும் கிடையாது. மூன்றாண்டுத் திட்டத்தில் சேர, மூன்றாண்டு இருப்போம் என்ற உறுதி வேண்டும். அவருக்கு அடுத்த பொங்கல் உறுதியில்லை. அடுத்த ஆண்டு யாரோ வீடு கட்டப்போகும் மண்ணுக்கு இந்த ஆண்டு தக்கைப்பூண்டு ஏன் போடுவார்? 266 ரூபாய் 50 காசு மூட்டைதான் அவர் நிலைமைக்கு ஏற்ற உரம். அவரை எந்தத் தாளும் கேட்காமல் வந்தடையும் ஒரே மானியமும் அதுதான். அதனால்தான் அந்த மானியத்தை ஒரேயடியாக வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலத்தின் பெயருக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு, உழுகிறவர் பெயருக்குப் போக ஊராட்சித் தலைவரின் சான்று ஒன்றே போதும் என்று ஒரு வரி விதியில் சேர்த்தால், சூழலுக்கு உகந்த வேளாண்மைக்கு அது பல பம்புகளைவிட உதவும் என்று தோன்றுகிறது.

கடற்கரையோர ஊர்களில் இருக்கும் மாணவ வாசகர்கள் ஒன்று செய்யலாம். ஊரில் ஒரு கிணற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கயிற்றில் சிறு கல்லைக் கட்டி, விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, அந்தக் குறியிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். காலையில் பம்பு ஓடத் தொடங்கும் முன் அளப்பது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை போதும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்திலும், கத்திரி வெயில் முடியும் வைகாசியிலும் தவறாமல் அளவு இருக்கட்டும். எங்கள் மாணவர்கள் கோவளத்துக் கிணறு ஒன்றுக்கு அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவர் தாமே கயிற்றை விட்டு அளந்து, வெற்றிலைச் சுருக்குப்பையில் வைத்திருக்கும் துண்டுத் தாளில் எண்ணை எழுதிவைத்து, நாங்கள் போகும்போது எடுத்துக் கொடுக்கிறார்.